தெருவே திண்ணைப் பள்ளி

நம் சங்கத்து அன்பர்கள் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய் வந்து, அவ்வனுபவங்களை இவ்விதழில் எழுதுவது வழக்கம். நான் எழுதப் போவது அத்தகைய பெரும்பயணம் பற்றியன்று. செம்பூரில் புறப்பட்டுத் தாராவி சென்று, மாட்டுங்கா வழியாக மீண்டும் செம்பூருக்கே வந்து சேர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது இது. தொலைவும் சொற்பம்; செலவும் சொற்பம். 1978-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் வாழ்ந்து வருகிறேன். ஆயினும் அதுவரை கவனியாத பலவற்றை அன்றுதான் கண்டேன். உடன் வந்தவள் என் நாலரை வயதுப் பேத்தி. தெருவில் கண்ட எழுத்துகளையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிஸ்கோத்துப் பொட்டலம்

வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே முதற்பாடம் கிடைத்தது. வழியில் பசித்தால் தின்னட்டும் என்று ஒரு பிஸ்கோத்துப் பொட்டலத்தைப் பையில் வைத்தேன். அவள் அதைத் தொட்டுக் காட்டி, "பார்லே-ஜி" என்று படித்தாள். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவில்லை. 1929-ஆம் ஆண்டில் இந்நகரின் வில்லே பார்லேயில் தொடங்கி, அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கும் நிறுவனத்தின் பொட்டலம் அது. ஊர்ப் பெயரைப் பிள்ளை படித்துவிட்டாள் என்றே எண்ணினேன்.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. அதே எழுத்துகளை ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதி, "இது என்ன, சொல்லு பார்க்கலாம்" என்றேன். அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது தாத்தா எழுத்து" என்றாள். அவள் படித்தது எழுத்தை அன்று. மஞ்சள் வண்ணத்தையும் அதன்மேல் உள்ள குழந்தைப் படத்தையுமே படித்திருக்கிறாள்!

இதை அறிஞர்கள் முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேசன்ஹைமர், டிரம், ஏரி என்னும் மூவர், கடைப்பெயர்களையும் பொட்டலப் பெயர்களையும் நன்கு அடையாளம் கண்டு சொல்லும் சிறு பிள்ளைகளைச் சோதித்தனர். 'பெப்சி' என்னும் பெயரின் முதலெழுத்தை மாற்றி, 'செப்சி' என்று வாசிக்கும்படி எழுதிக் காட்டினர். வண்ணமும் வடிவமும் மாறாமையால் பிள்ளைகளுள் பெரும்பாலோர் அதையும் 'பெப்சி' என்றே கூறினர். எழுத்து மாறியதை அவர்கள் கவனிக்கவே இல்லை. தெருப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தால் பிள்ளைக்குப் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் தெருவினால் பயனே இல்லையா? அவ்வாறு முடிவு செய்வதும் பிழையே. நியூசிலாந்தின் மேரி கிளே அம்மையார் 1966-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஓர் உண்மை தெளிவாகி வந்திருக்கிறது. பள்ளியில் கால் வைக்கும் நாளில் எழுத்தறிவு தொடங்குவதில்லை. அதற்குப் பல்லாண்டு முன்பே பிள்ளையின் மனத்தில் அது முளைவிடுகிறது. எமிலியா பெரேரோ, அனா தெபெரோஸ்கி என்னும் இரு பெண்மணிகள் 1979-இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட நூல் இன்னும் சுவையானது. படிக்கத் தெரியாத பிள்ளைகளும் எழுத்தைப் பற்றித் தாமாகவே சில கொள்கைகளை வகுத்துக்கொள்கின்றனராம். ஒன்றிரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அது படிக்கத் தக்கதன்று என்பர். பெரிய பொருளுக்குப் பெரிய பெயர்தான் இருக்க வேண்டும் என்பர். தவறான கொள்கைகள்தாம், ஆயினும் சிந்தித்துக் கண்ட கொள்கைகள். அச்சிந்தனைக்குத் தீனி வீடும் தெருவும் தருபவையே.

ரயிலில்

செம்பூரில் மின்சார ரயில் ஏறினோம். வண்டியில் வரும் அறிவிப்பு அவளுக்கு மனப்பாடம். "புடீல் ஸ்டேஷன், குர்லா, அக்லா ஸ்டேஷன், குர்லா, நெக்ஸ்ட் ஸ்டேஷன், குர்லா" என்று குரல் வருமுன்பே சொல்லிவிட்டாள். ஒரே பொருளை மூன்று மொழியில் சொல்லலாம் என்னும் பேருண்மையை இந்நகரக் குழந்தை எந்த ஆசிரியரிடமும் கற்பதில்லை, ரயிலில் கற்கிறது.

குர்லாவில் இறங்கியதும் நிலையப் பலகையைக் காட்டினேன். "தாத்தா, ரெண்டு வரி ஒண்ணுபோலவே இருக்கு" என்றாள். மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றே ஆதலால் பெயர் இருமுறை ஒரே வடிவில் எழுதப்பட்டிருந்தது. அடுத்து சயான். அவ்வூருக்கு மராத்தியில் 'ஷீவ்' என்று பெயர். "ஒரு ஊருக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டாள். "உனக்கும் வீட்டில் ஒரு பேர், பள்ளியில் ஒரு பேர் இல்லையா?" என்றேன். அதை ஒப்புக்கொண்டாள்.

தாராவியில்

தாராவியில் என் அக்காள் குடும்பம் இருக்கிறது. நானும் மும்பைக்கு வந்த புதிதில் அவ்வீட்டில்தான் ஒண்டியிருந்தேன். மாகிம் ஓடைக்கரையில் கோலி மீனவர் வாழ்ந்த ஊர் தாராவி. பின்னர் சௌராட்டிரத்துக் குயவர் வந்து கும்பார்வாடாவில் சூளை வைத்தனர். தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்தனர். இரண்டு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த இந்நிலப்பரப்பில் இன்று வழங்காத இந்திய மொழி அரிது. 90 அடிச் சாலையில் பொங்கலன்று வரிசையாகப் பானை வைத்துப் பொங்குவதைக் காண்போர், தாம் நிற்பது மராட்டிய மாநிலம் என்பதையே சிறிது மறந்துபோவர்.

அக்காள் வீட்டுச் சந்தில் நுழைந்ததும் என் பேத்தி நின்றுவிட்டாள். சுவரெங்கும் தமிழ். கோயில் கொடை விழா, மஞ்சள் நீராட்டு விழா, கட்சிக் கூட்டம், திரைப்பட நடிகருக்கு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. செம்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டைச் சுற்றி இத்தனை தமிழெழுத்தை அவள் ஒருங்கே கண்டதில்லை.

அக்காளின் பேரனுக்கு ஐந்து வயது. அவன் அத்தெருவுக்கு அரசன்போல் எங்களை அழைத்துச் சென்றான். ஒரு சுவரொட்டியைக் காட்டி, "இது செத்துப்போனவங்க பேப்பர்" என்றான். அதில் ஓர் எழுத்தும் அவனுக்குத் தெரியாது. ஆயினும் மாலையிட்ட படத்தையும் கறுப்புக் கட்டத்தையும் கண்டு, அது இன்ன செய்தி சொல்லும் தாள் என்பதை அறிந்திருந்தான். எழுத்து ஒரு காரியத்துக்காக எழுதப்படுகிறது என்னும் இவ்வறிவே எழுத்தறிவின் முதற்படி.

சந்தின் முனையில் இட்லி மாவு விற்கும் கடை. பலகையில் ஒரே சொல்: 'மாவு'. மாலைதோறும் தூக்குவாளியுடன் அங்கே போவது அவன் வேலை. அவன் ஆச்சி ஒருநாள் பலகையைத் தொட்டு, "இது மா, இது வு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்று முதல் அவன் 'மா' எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான். "இந்தா, இங்க ஒரு மா! அந்தா, அங்க ஒரு மா!" என்று மாரியம்மன் கோயில் நோட்டீசிலும் மாநாட்டுச் சுவரொட்டியிலும் தொட்டுத் தொட்டுக் காட்டினான். சிறிது நேரத்தில் என் பேத்தியும் சேர்ந்துகொண்டாள். தாராவித் தெரு அவர்களுக்கு ஒளிந்து விளையாடும் இடமாயிற்று, ஒளிந்திருந்தது 'மா'.

என் பொட்டலச் சோதனையின் விடை அங்கே கிடைத்தது. பலகை தானே கற்பிக்கவில்லை. பலகை இருந்தது, அதன் பொருள் பிள்ளைக்குத் தேவையாய் இருந்தது, ஒரு கிழவியின் விரல் எழுத்தைத் தொட்டு, அவள் வாய் ஒலியைச் சொன்னது. மூன்றும் கூடியபோதுதான் படிப்பு வந்தது. அக்காள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் அல்லள்.

வீட்டு வாயிலில் ஓர் எண் எழுதியிருந்தது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தொடங்கிய கணக்கெடுப்பில் வீடுதோறும் இட்ட எண் அது. பேரன் அவ்வெண்ணை முதலிலிருந்து கடைசிவரை பிழையின்றி வாசித்தான். அவன் வாழ்க்கையில் முதன்முதல் படித்த நீண்ட எண் அதுவே. எங்கே குடியேற்றுவர் என்று பெரியவர்கள் பேசுவதை அவன் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறான். "வேற வீட்டுக்குப் போனா அங்க மாவுக் கடை இருக்குமா, தாத்தா?" என்று என்னைக் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தெரு கலைந்தால் குடிசைகள் மட்டுமா கலையும்? அதன் சுவரில் உள்ள பள்ளியும் கலையும்.

தேநீர்க் கடையில் தமிழ் நாளிதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலர் படித்துக்கொண்டிருந்தனர். இது நம் ஊர்ப் பழக்கம். சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, எளிய சொல்லும் பெரிய எழுத்துமாகச் செய்தி கொடுத்தபோது, தேநீர்க் கடைகள் வயது வந்தோர்க்குப் பள்ளியாயின. ஒருவர் உரக்கப் படிக்கப் பிறர் கேட்டு, நாளடைவில் கேட்டவரும் எழுத்துக் கூட்டிப் படித்தனர். பெரியவர்க்குப் பயன்பட்ட அம்முறை பிள்ளைகளுக்குப் பயன்படாமற்போகுமா?

அக்காள் மருமகள் மட்டும் கவலையோடு ஒன்று சொன்னாள்: "மாமா, இவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடணும்னு அவுக சொல்றாக. தமிழ் தெருவோட போயிருமோன்னு இருக்கு." மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளின் வழியே பள்ளிகள் நடத்துகிறது. ஆயினும் பிழைப்பைக் கருதி ஆங்கில வழியை நாடும் பெற்றோரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படிச் செய்தவனே. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மாட்டுங்காவில்

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பேருந்து ஏறினோம். நிறுத்தத்தில் ஒரு வேடிக்கை. வந்த வண்டியின் நெற்றியில் எண் தேவநாகரி இலக்கத்தில் இருந்தது. அதிலுள்ள ஒன்றைப் பேத்தி 'ஒன்பது' என்று படித்தாள். தேவநாகரி ஒன்று ஆங்கில ஒன்பதைப்போலவே தலை சுழித்து நிற்கும். வண்டியின் பக்கவாட்டில் இருந்த ஆங்கில எண்ணைக் காட்டி, "அங்கே இருப்பதும் இதுவும் ஒன்றுதான்" என்றேன். அடுத்து வந்த வண்டிகளிலெல்லாம் முன்னும் பக்கமும் ஒப்பிட்டு, தேவநாகரி இலக்கங்கள் மூன்றைக் கற்றுவிட்டாள்.

மாட்டுங்காவின் கதை வேறு. 1896-இல் நகரில் பரவிய பிளேக்கு நோய்க்குப் பின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு வகுத்த அகன்ற தெருக்களும் பூங்காக்களும் கொண்ட பகுதி இது. அலுவலகப் பணிக்கு வந்த தென்னாட்டார் இங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1942-இல் நிலையத்தருகே ராம நாயக்கின் உடுப்பி உணவகம் இலை போடத் தொடங்கியது. 1951-இல் கிரி நிறுவனத்தார் இங்கே கடை தொடங்கினர். பஞ்சாங்கமும் தமிழ் நூலும் வேண்டுவோர் இன்றும் அவ்வழி போகிறார்கள்.

தாராவியில் தமிழ் சுவரில் இருந்தது. இங்கே அது கோயில் அறிவிப்பிலும் கடைக்குள்ளும் ஒடுங்கியிருக்கிறது. கடைப்பலகைகள் மராத்தியும் ஆங்கிலமும். பலகையில் மராத்தி மற்ற மொழியினும் சிறிதாக இருத்தல் கூடாது என்று மாநில அரசு 2022-இல் சட்டத்தைத் திருத்தியது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் வணிகர்க்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தது. இதில் நமக்கு மனக்குறை வேண்டுவதில்லை. நாம் உண்ணும் உப்பு இம்மண்ணின் உப்பு. நம் பிள்ளை மராத்திப் பலகையைத் தடையின்றிப் படித்தல் வேண்டும். தமிழ்ப் பலகையை நமக்காக எழுதி வைக்க வேறு எவருக்கும் கடமையில்லை, அக்கடமை நம்முடையது.

ஒரு வாயிலில் புள்ளிக்கோலம் இருந்தது. பேத்தி குனிந்து விரலால் இழையைத் தொடர்ந்து சென்றாள். கையை எடுக்காமல் வளைத்து வந்து புறப்பட்ட இடத்தில் சேர்க்கும் அப்பழக்கம், சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்கு எத்துணைப் பொருத்தமான பயிற்சி! முன்னோர் ஆற்றுமணலில் எழுத வைத்ததும், விசயதசமியன்று தட்டில் அரிசி பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதியதும் இதே நோக்கால்தான்.

ஒரு பூக்கடையருகே இருந்த மராத்திப் பலகையில் பகரத்தைக் காட்டினேன். பிறகு என் கையேட்டில் தமிழ்ப் 'ப' எழுதினேன். அவள், "தமிழ் ப-வுக்கு மேல் கோடு போட்டுத் தொங்கவிட்டிருக்காங்க" என்றாள். இரண்டும் பழைய பிராமி எழுத்தின் வழிவந்தவை. ஒலியும் ஒன்றே, உருவிலும் உறவு தெரிகிறது. யகரமும் அவ்வாறே. பல எழுத்துகளிடையே வளர்வதால் குழந்தை குழம்பும் என்று அஞ்சுகிறோம். ஒப்பிட்டுக் காட்டுவோர் உடன் இருந்தால் அதுவே அறிவுக்கு வாயிலாகும்.

ஆனால் பொறுமை வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுத்து 26. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கன்னடக் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எழுத்துமுறைகளைக் கற்று முடிக்க ஓராண்டு போதாது, தொடக்கப்பள்ளி ஆண்டுகள் பலவும் வேண்டும் என்று காட்டுகிறது. ஆறு மாதத்தில் ஆங்கிலம் வந்துவிட்டது, தமிழ் வரவில்லையே என்று சோர்ந்து கைவிடுவோர் இதை நினைவிற்கொள்க.

புறப்படும் நேரத்தில், கோயில் வாயிலில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பின் முன் பேத்தி குதித்தாள். "தாத்தா, மா!" 'இடம்: மாட்டுங்கா' என்று அச்சிட்டிருந்தது. காலையில் இட்லி மாவில் கற்ற 'மா', மாலையில் ஊர்ப்பெயரில் அகப்பட்டது. வண்ணம் வேறு, அளவு வேறு, சுவர் வேறு, எழுத்து ஒன்று. பார்லே-ஜியில் தவறியது மாட்டுங்காவில் கைகூடியது.

மீண்டும் செம்பூர்

கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி வடாலாவில் மாறிச் செம்பூர் வந்து சேர்ந்தோம். 1950-களில் டிராம்பேப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழுந்த பிறகு, நம்மவர் பலர் வேலை பெற்றுக் குடியேறிய பகுதி இது. சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்ப் பேத்தி படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். மராத்தியில் தொடங்கி நடுவில் தமிழுக்கு மாறி ஆங்கிலத்தில் முடித்தாள்.

இனி என் குறையைச் சொல்கிறேன். என் மகன் தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்கத் தெரியாது. அவன் சிறுவனாய் இருந்தபோது நான் இரட்டை வேலை பார்த்தேன். வீட்டில் தமிழ்தானே பேசுகிறோம், எழுத்து தானாக வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஊரிலிருந்து என் தாயார் மாதந்தோறும் நீலநிற இன்லண்டு கடிதம் எழுதுவார். நான் படித்துச் சொல்வேன், பேரன் கேட்பான். ஒருநாளும் அவன் விரலைப் பிடித்து ஒரு சொல்லின் மேல் வைத்ததில்லை. தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் உள்ளன. எனக்குப் பின் அவற்றைப் படிக்க இவ்வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள். பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை. சமையலறை டப்பாக்களில் 'உப்பு', 'பருப்பு', 'மிளகு' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். எடுக்கும்போது எழுத்தைத் தொட்டு ஒலியுங்கள். தமிழ் நாட்காட்டி ஒன்று மாட்டி, தாளைக் கிழிக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மளிகைப் பட்டியலைப் பிள்ளையின் முன் தமிழில் எழுதுங்கள். அது கிறுக்குவதையும் பட்டியல் என்றே ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ கைபேசியில் செய்தி அனுப்பும்போது தமிழெழுத்திலேயே அனுப்பி, அவர் பெயர் எது என்று காட்டுங்கள். வாரத்துக்கு ஓர் எழுத்து போதும். அந்த எழுத்தைத் தெருவில் தேடட்டும். தமிழ் கிடைக்காத தெருவானால் ஞாயிறன்று தாராவிக்கோ மாட்டுங்காவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். நம் சங்கமும் தன் அறிவிப்புகளைப் பிள்ளைகளின் கண்மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒட்டினால் நன்று.

அன்றிரவு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தேன். பேத்தி மடியில் வந்து உட்கார்ந்தாள். மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. அவள் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தி, "மா" என்றாள். 'இப்படிக்கு, அம்மா' என்று எழுதியிருந்தது.

அருகில் நின்ற என் மகன் குனிந்து, "எது, எங்கே காட்டு" என்று கேட்டான். அவள் அவன் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்தாள்.